மேக்ரோவா, இன்லைன் ஃபங்ஷனா: எடைமேடை டிரைவரில் நாங்கள் எடுத்த முடிவு

மேக்ஸ் என்றொரு மேக்ரோ, அதாவது கம்பைல் ஆகும் முன் அழைத்த இடத்தில் எழுத்துக்கு எழுத்து விரிக்கப்படும் சுருக்கம். இரண்டு எண்களைக் கொடுத்தால் பெரியதைத் திருப்பித் தரும். ((அ) > (ஆ) ? (அ) : (ஆ)) என்று சி படிக்கத் தொடங்கிய முதல் மாதத்திலேயே எல்லோரும் எழுதிப் பார்த்திருப்போம். அடைப்புக்குறிகளெல்லாம் ஒழுங்காகப் போட்ட, பார்த்தால் குற்றம் சொல்லவே முடியாத அந்த ஒரு வரி போன கரும்பு சீசனில் எங்களை மூன்று வாரம் அலையவிட்டது. அதற்குப் பிறகுதான் எங்கள் டிரைவரில் (கருவியோடு பேசும் மென்பொருளில்) இருக்கும் மேக்ரோக்களை என்ன செய்வது என்று உட்கார்ந்து யோசித்தோம். எந்த வழி எங்கே சரிப்பட்டது, எங்கே கையைச் சுட்டது என்பதை எழுதிவைக்கிறேன், கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) பக்கம் வேலை செய்யும் தமிழ் நண்பர்களுக்கு உதவும்.

நான் இருப்பது மொரீஷியஸில். வீடு காத்ர் போர்ன், வேலை எபேன் சைபர்சிட்டி. எங்கள் சிறு குழு பார்த்துக்கொள்வது சர்க்கரை ஆலை எடைமேடைக்கான ஒரு லினக்ஸ் டிரைவர். ஜூன் வாக்கில் தொடங்கி டிசம்பர் வரை கரும்பு வெட்டு நடக்கும், இங்கே 'லாக்கூப்' என்பார்கள். அந்த மாதங்களில் டிரைவரில் கை வைக்க யாரும் விடமாட்டார்கள். பெரிய மாற்றம் எதுவானாலும் வெட்டு முடிந்த பிறகு, புயல் காலத்தில்தான்.

நடந்தது இதுதான். மேடைக்கு அடியில் இருக்கும் ஏடிசி சிப் (எடையின் மின்சிக்னலை எண்ணாக மாற்றுவது) எடுத்த மாதிரிகளை ஒரு ஃபைஃபோவில் (முதலில் வந்தது முதலில் வெளியேறும் வரிசையில்) அடுக்கும். அதை வாசிக்கும் ரெஜிஸ்டரை ஒரு தடவை வாசித்தால் ஒரு மாதிரி வெளியே வரும், வந்தது வந்ததுதான், மறுபடி வாசித்தால் அடுத்தது. லாரி ஏறும்போது வரும் உச்ச எடையைப் பிடிக்க டிரைவரில் இருந்த வரி: உச்சம் = மேக்ஸ்(ஃபைஃபோ_வாசி(), உச்சம்). அதுவரை உச்சம் 21,480 கிலோ என்று வையுங்கள். ஒப்பிடும்போது வாசித்தது 21,520, அது பெரியது. பெரியதைத் திருப்பித் தரவேண்டும், அதற்காக மேக்ரோ அதே எழுத்தை இரண்டாம் முறையும் விரித்திருக்கிறது, ஆகவே இன்னொரு வாசிப்பு நடக்கிறது. இந்த முறை வந்தது 21,460. பதிவானது அதுதான். பெரிய எடை ஒன்று வந்ததால் உச்சம் 20 கிலோ இறங்கிவிட்டது.

ஆலையில் லோட் செல்லை மாற்றிப் பார்த்தார்கள், கேபிளை மாற்றிப் பார்த்தார்கள். எங்கள் குழுவில் ரோஸ் ஹில்லைச் சேர்ந்த தம்பி ஒருவன் இருக்கிறான், மோக்காவில் மகாத்மா காந்தி இன்ஸ்டிடியூட்டில் தமிழ் படித்தவன். அவன்தான் லாகை வரிவரியாகப் பார்த்து, "அண்ணா, உச்சம் எப்படி இறங்கும்? ஏற மட்டும்தானே வேண்டும்?" என்று கேட்டான். அந்தக் கேள்வியோடு விஷயம் பிடிபட்டது.

லினக்ஸ் கெர்னலின் சொந்த மேக்ஸ் இப்படிச் செய்யாது. அது ஆர்கியுமென்டுகளை முதலில் உள்ளூர் மாறிகளில் வாங்கிக்கொண்டு, அதற்கப்புறம்தான் ஒப்பிடும். எங்கள் டிரைவர் ஒரு மைக்ரோகன்ட்ரோலர் நிரலாகப் பிறந்தது, கெர்னலுக்குள் வந்தபோது தன் மேக்ரோக்களையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டது. எண்ணிப் பார்த்தால் ஃபங்ஷன் மாதிரி நடந்துகொள்ளும் மேக்ரோக்கள் மட்டும் 40-க்கு மேல்.

எங்கள் முன்னால் இருந்த வழிகள் நான்கு. பழுதானதை மட்டும் திருத்திவிட்டு மற்றதை அப்படியே விடுவது. எல்லாவற்றையும் ஸ்டாடிக் இன்லைன் ஃபங்ஷனாக (அழைக்கும் இடத்திலேயே பதிக்கப்படக்கூடிய, ஆர்கியுமென்டுக்குச் சொந்த டைப் உள்ள ஃபங்ஷனாக) மாற்றுவது. மேக்ரோவாகவே வைத்துக்கொண்டு உள்ளே டைப் சோதனையைச் சேர்ப்பது. ரஸ்ட் மொழியில் புதிதாக எழுதுவது. தம்பிக்கு இரண்டாவது வழியில் சந்தேகமே இல்லை, கெர்னலின் கோடிங் ஸ்டைல் ஆவணமே ஃபங்ஷன் போல இருக்கும் மேக்ரோவைவிட இன்லைன் ஃபங்ஷனே மேல் என்று சொல்கிறது, அப்புறம் என்ன பேச்சு என்றான். நானும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். ஆனால் மாற்ற மாற்றத்தான் தெரிந்தது, இன்லைன் ஃபங்ஷன் நாம் நினைக்கும் அளவுக்கு டைப்பைச் சோதிப்பதில்லை.

முதலில் அதன் நல்ல பக்கம். ஆர்கியுமென்ட் ஒரே முறைதான் மதிப்பிடப்படும், எங்கள் ஃபைஃபோ பிழை அங்கேயே செத்தது. பாயிண்டர் மாறிப்போனால் கம்பைலர் அழைத்த இடத்தையே காட்டும். மேக்ரோவில் தப்பு செய்தால் எந்த ஹெடரிலிருந்து எது விரிந்தது என்று ஏணிப்படி மாதிரி பத்து வரி வரும், உண்மையான தப்பு எங்கேயோ நடுவில் இருக்கும். டீபக்கரில் உள்ளே நுழைந்து பார்க்க முடியும். இவை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதிகம் பேசப்படாதது இன்னொன்று இருக்கிறது. கான்ஃபிக் (ஒரு வசதியைச் சேர்க்கவா வேண்டாமா என்ற பில்ட் அமைப்பு) அணைத்திருக்கும்போது ஒரு ஃபங்ஷனுக்குப் பதிலாக எதுவுமே செய்யாத வெற்று வடிவம் ஒன்று வைப்போமே, அதை வெற்று டூ-வைல் மேக்ரோவாக எழுதினால் ஆர்கியுமென்டில் என்ன எழுதினாலும் விழுங்கிவிடும், இல்லாத மாறியின் பெயரைக் கொடுத்தாலும் கம்பைல் ஆகும். எங்களிடம் டீபக் கான்ஃபிக்கை அணைத்தே வைத்திருந்தோம், இடையில் ஒரு ஸ்ட்ரக்டில் (மதிப்புகளைச் சேர்த்து வைக்கும் டைப்பில்) பெயர் மாறியது, பல மாதம் கழித்து ஆலையில் உட்கார்ந்து அந்த கான்ஃபிக்கைத் திறந்தபோது கம்பைலே ஆகவில்லை. வெற்று இன்லைன் ஃபங்ஷனாக இருந்திருந்தால் பெயர் மாறிய அன்றைக்கே தெரிந்திருக்கும். இந்த வகை மேக்ரோவை மட்டும் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

இப்போது கை சுட்ட இடம். ஏடிசி எண்ணைக் கிராமாக மாற்றும் மேக்ரோ ஒன்று இருந்தது: (எண் * அளவு) / 1000. மேக்ரோவுக்குச் சொந்த டைப் கிடையாது, என்ன கொடுக்கிறோமோ அதே டைப்பில் கணக்குப் போடும். அழைக்கும் இடங்களில் சிலர் 32 பிட் எண்ணைக் கொடுத்தார்கள், 64 பிட் போர்டுக்கான பகுதியில் சிலர் 64 பிட். நான் அதை யு32 (32 பிட் குறியில்லா எண்) ஆர்கியுமென்டோடு இன்லைன் ஃபங்ஷனாக மாற்றினேன், கம்பைலர் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் ஏடிசி 24 பிட், அளவு 1800. 32 பிட்டில் அந்தப் பெருக்கல் தாங்குவது சுமார் 23.8 லட்சம் வரைதான், சிப்போ 1 கோடியே 67 லட்சம் வரை தரக்கூடியது. 64 பிட் கொடுத்த இடங்களில் மேக்ரோ இருந்தவரை சரியாக வந்த கணக்கு என் "டைப் சோதனை உள்ள" ஃபங்ஷனால் வழிந்து ஓடியது. சி மொழியில் முழு எண் ஒரு ஃபங்ஷனுக்குள் போகும்போது தானாகவே அந்த ஃபங்ஷனின் டைப்புக்கு மாறிவிடும், பெரியது சிறியதில் திணிக்கப்பட்டாலும் சரிதான். அதைச் சொல்லிக்கொடுக்கும் கன்வர்ஷன் வார்னிங்கைக் கெர்னல் சாதாரண பில்டில் அணைத்தே வைத்திருக்கிறது. சரி என்று யு64 ஆக்கினேன். எங்கள் இன்னொரு போர்டு 32 பிட் ஆர்ம், அதில் 64 பிட் எண்ணைச் சாதாரண வகுத்தல் குறியால் வகுத்தால் லிங்க் ஆகாது, அதற்கான லைப்ரரி ஃபங்ஷன் கெர்னலில் இல்லை. கெர்னலின் சொந்த வகுத்தல் ஃபங்ஷனான டிவ்_யு64 போட்டபிறகுதான் ஓய்ந்தது. அன்றிலிருந்து ஒரு மேக்ரோவைத் தொடுவதற்கு முன் அழைக்கும் இடங்கள் அத்தனையும் திறந்து, என்ன டைப் போகிறது என்று பார்த்து எழுதிக்கொண்ட பிறகே கை வைக்கிறோம்.

இதே விஷயத்தைக் கெர்னலுக்குள் அழகாகக் காட்டுவது டைம்_ஆஃப்டர். ஒரு நேரம் இன்னொன்றுக்குப் பிந்தியதா என்று ஜிஃபீஸ் (கெர்னலின் நேரத் துடிப்பு எண்ணி) கணக்கில் பார்ப்பது. பார்வைக்கு இன்லைன் ஃபங்ஷன் ஆக்கிவிடக் கூடியதுதான், ஆனால் அது மேக்ரோவாகவே இருக்கிறது, உள்ளே டைப்செக் என்ற இன்னொரு மேக்ரோவை வைத்து இரண்டு ஆர்கியுமென்டும் அன்சைன்டு லாங்தானா என்று சோதிக்கிறது. வேறு எது கொடுத்தாலும் வார்னிங் வரும், 32 பிட் போர்டில் ஒரே அளவுள்ள அன்சைன்டு இன்ட் கொடுத்தால்கூட. இதே வேலையை இன்லைன் ஃபங்ஷன் செய்தால் யு32 ஒன்று சத்தமில்லாமல் அகலப்பட்டு உள்ளே போய்விடும். அதன் விளைவைப் பாருங்கள். ஜிஃபீஸ் பூஜ்யத்தில் தொடங்குவதில்லை, பூட் ஆன 5 நிமிடத்தில் கீழ் 32 பிட்டும் நிரம்பி வழியும்படி வேண்டுமென்றே தொடக்க மதிப்பை வைத்திருக்கிறார்கள், இந்த மாதிரிப் பிழைகள் சீக்கிரம் வெளியே வரட்டும் என்று. 64 பிட் கணினியில் ஒருவர் ஜிஃபீஸை யு32-ல் சேமித்து வைத்தால், 5 நிமிடம் கழித்துச் சேமித்தது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும், உண்மையான ஜிஃபீஸ் 2^32-க்கு மேலே இருக்கும். எந்த டைம்அவுட்டும் வைத்த நொடியிலேயே முடிந்துவிட்டதாகத் தோன்றும். ஆகவே டைப் விஷயத்தில் மேக்ரோ எப்போதும் தளர்வு, ஃபங்ஷன் எப்போதும் இறுக்கம் என்பது தவறு. முழு எண்களைப் பொறுத்தவரை டைப்செக் வைத்த மேக்ரோதான் இறுக்கம்.

ஃபங்ஷனிலும் அந்த இறுக்கம் வேண்டுமென்றால் வழி இருக்கிறது. எண்ணை ஒரு ஸ்ட்ரக்டுக்குள் வைத்துவிடுங்கள். கெர்னலில் கேயுஐடி_டி அப்படித்தான், உள்ளே இருப்பது ஒரே ஒரு யூசர் ஐடி எண், ஆனால் ஸ்ட்ரக்டாக இருப்பதால் சும்மா ஒரு எண்ணை அந்த இடத்தில் கொடுக்க முடியாது. அடாமிக்_டி-யும் அதே மாதிரி. எங்கள் டிரைவரில் ஏடிசி எண்ணுக்கு ஒரு ஸ்ட்ரக்ட், கிராமுக்கு ஒரு ஸ்ட்ரக்ட் என்று பிரித்தோம். பிரித்த அன்று மாலையே, மாற்றாத எண்ணை கிராம் என்று நினைத்துக் கூட்டிக்கொண்டிருந்த ஒரு இடம் கம்பைல் ஆகாமல் நின்றது. அந்த இடம் எத்தனை காலமாக அப்படி இருந்ததோ. இன்லைன் ஃபங்ஷனும் ஸ்ட்ரக்ட் டைப்பும் சேர்ந்தால்தான் "டைப் சோதனை" என்ற பெயருக்குப் பொருள் வருகிறது, இந்த முழு வேலையில் எனக்கு அதிகம் பிடித்த பகுதி இதுவே. எல்லா எண்ணுக்கும் இப்படிச் செய்யத் தேவையில்லை, ஒன்றை இன்னொன்றாக நினைத்துவிட வாய்ப்புள்ள அளவுகளுக்குப் போதும்.

அடுத்தது, மாற்றவே முடியாதவை. ஒரு மேக்ரோ, தன்னை அழைக்கும் இடத்திலிருந்து எதை எடுத்துக்கொள்கிறது என்று பார்த்தால் இது சுலபமாகப் புரியும். லிஸ்ட்_ஃபார்_ஈச்_என்ட்ரி ஒரு லூப்பின் தலையாகவே மாறுகிறது, ஃபங்ஷனால் அது முடியாது. கன்டெய்னர்_ஆஃப் ஸ்ட்ரக்டின் பெயரையும் அதன் உறுப்பின் பெயரையும் வாங்குகிறது, பெயரை ஃபங்ஷனுக்கு ஆர்கியுமென்டாகக் கொடுக்க முடியாது. கெட்_யூசர் நாம் கொடுத்த பாயிண்டர் காட்டும் டைப்பின் அளவைப் பார்த்து எத்தனை பைட் நகலெடுப்பது என்று முடிவு செய்கிறது. ஸ்பின்_லாக்_ஐஆர்க்யூசேவ் நாம் கொடுத்த ஃப்ளாக்ஸ் மாறியில் நேரடியாக எழுதுகிறது, ஆனால் அங்கேயும் உள்ளே டைப்செக் உட்கார்ந்திருக்கிறது, உண்மையான வேலையைச் செய்வது உள்ளே ஒரு ஃபங்ஷன். பக்கத்திலேயே இருக்கும் ஸ்பின்_லாக்கோ எதையும் எடுக்கத் தேவையில்லை, அதனால் அது இன்லைன் ஃபங்ஷன். இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் எந்தப் பாடமும் தேவைப்படாது.

எதிர்த்திசையில் போன உதாரணமும் உண்டு. கேமெலாக் பல வருடம் இன்லைன் ஃபங்ஷனாக இருந்தது. கெர்னல் 6.10-ல், 2024-ல், நினைவக ஒதுக்கீட்டை யார் எங்கே கேட்டார்கள் என்று கணக்கு வைக்கும் வசதி வந்தபோது அது மேக்ரோவாக மாறியது, ஒவ்வொரு அழைப்பு இடத்திலும் ஒரு அடையாளத்தைப் பதிக்க வேண்டும், அதை மேக்ரோதான் செய்ய முடியும். உள்ளே வேலை செய்வது இன்னமும் ஃபங்ஷன்தான், பெயரில் மட்டும் நோப்ராஃப் என்று வால் சேர்ந்தது. கான்ஸ்டும் (மாற்றக்கூடாது என்ற குறியும்) இதே கதை: ஒரு பாயிண்டர் கான்ஸ்ட்டாக வந்தால் கான்ஸ்ட்டாகவே திரும்பவேண்டும், இல்லாவிட்டால் சாதாரணமாக. ஒரே இன்லைன் ஃபங்ஷன் இரண்டையும் தர முடியாது. அதற்காகத்தான் கன்டெய்னர்_ஆஃப்_கான்ஸ்ட் என்ற மேக்ரோ வந்தது. கன்டெய்னர்_ஆஃப்-ஐச் சுற்றி எழுதிய, "டு_" என்று தொடங்கும் குட்டி மேக்ரோக்களை எல்லாம் இன்லைன் ஆக்குகிறேன் என்று கிளம்புபவர்கள் இதை முதலில் பார்த்துவிட வேண்டும், கான்ஸ்ட் தேவைப்படும் இடத்தில் அந்த பேட்ச் (நிரல் மாற்றம்) பின்னோக்கிய அடிதான்.

இதைப் படித்துவிட்டு, அப்படியென்றால் எல்லாவற்றையும் சோதனை வைத்த மேக்ரோவாக ஆக்கிவிடலாமே என்று தோன்றும். மூன்றாவது வழி. அதன் விலையும் சிறியதல்ல. கெர்னலின் மின், மேக்ஸ் இரண்டும் ஒரே முறை மதிப்பிட வேண்டும், சைன்டும் அன்சைன்டும் கலந்தால் பிடிக்க வேண்டும், அரேயின் அளவாகப் போட்டால் மாறிலியாகவும் இருக்க வேண்டும் என்று ஆசைகள் சேரச் சேர அந்த மேக்ரோக்கள் உள்ளே வீங்கிக்கொண்டே போயின. 2024-ல் கெர்னல் டெவலப்பர் ஆர்ன்ட் பெர்க்மன், மூன்றில் சிறியதைத் தேடும் மின்3-க்குள் இன்னொரு மின் வைத்திருந்த ஒரே ஒரு வரி ப்ரீப்ராசஸரிலிருந்து வெளியே வரும்போது 47 எம்பி ஆகிறது என்று காட்டினார். ஒரு வரிக்கு 47 எம்பி! லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே இறங்கி அவற்றை எளிமைப்படுத்தினார். அந்த அளவுக்கு எங்கள் டிரைவர் போகாது, ஆனாலும் மேக்ரோவுக்குள் மேக்ரோ வைக்கும் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரிந்துகொள்ள அது போதும்.

வேகத்தைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், சொல்வதற்கு அதிகமில்லை. இரண்டு வரி இன்லைன் ஃபங்ஷனும் மேக்ரோவும் கிட்டத்தட்ட ஒரே இயந்திர நிரலாகத்தான் முடியும், ஆப்ஜ்டம்ப் (இயந்திர நிரலைக் காட்டும் கருவி) எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். இன்லைன் என்பது கம்பைலருக்கு ஒரு யோசனை மட்டும், அது கேட்காமலும் போகலாம், கட்டாயம் வேண்டுமென்றால் ஆல்வேஸ்_இன்லைன் இருக்கிறது. மூன்று வரிக்கு மேல் போனால் இன்லைன் போடாதே என்று கோடிங் ஸ்டைல் சொல்லும் அளவுகோல் நல்ல அளவுகோல். எங்கள் பெரிய மேக்ரோக்களைச் சாதாரண ஃபங்ஷனாக சி ஃபைலுக்குள் இறக்கினோம், ஒன்றும் குறையவில்லை.

ஹெடர் சிக்கல் மட்டும் முன்கூட்டியே தெரிந்திருந்தால் இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும். மேக்ரோவுக்குள் இருப்பதைக் கம்பைலர் அதைப் பயன்படுத்தும் இடத்தில்தான் படிக்கும். ஹெடரில் இன்லைன் ஃபங்ஷன் வைத்தால் அங்கேயே, அப்போதே, அந்த ஸ்ட்ரக்டின் முழு வரையறை தெரிந்தாக வேண்டும். அதற்காக இன்னொரு ஹெடரைச் சேர்ப்போம், அது இதையே சேர்த்திருக்கும், வட்டமாகச் சுற்றும். கெர்னலிலேயே சில மேக்ரோக்கள் மேக்ரோவாக நிற்பதற்கு இதைத் தவிர வேறு காரணம் கிடையாது. நாங்கள் ஸ்ட்ரக்ட் வரையறைகளைத் தனி ஹெடருக்கு நகர்த்திய பிறகே மாற்றம் நகர்ந்தது, அந்த நகர்த்தலை முதல் பேட்சாக வைத்துக்கொள்ளுங்கள்.

ரஸ்ட்? 6.1-லிருந்து கெர்னலில் இருக்கிறது, எனக்கு அதன் மேல் மரியாதையும் உண்டு. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு டிரைவரை ஐந்து மாத இடைவெளியில் மூன்று பேர் முழுவதுமாகத் திருப்பி எழுதுவது நடக்காத காரியம். இன்னொன்று, இன்லைன் ஆக்கிவிட்டால் ரஸ்டிலிருந்து கூப்பிடுவது சுலபமாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஸ்டாடிக் இன்லைன் ஃபங்ஷனுக்கு வெளியே தெரியும் சிம்பல் கிடையாது, மேக்ரோவுக்கும் கிடையாது, இரண்டுக்குமே சி பக்கம் ஒரு சிறு உதவி ஃபங்ஷன் எழுதத்தான் வேண்டும்.

கடைசியில் நாங்கள் செய்தது இது. ஜனவரியில் புயல் எச்சரிக்கை மூன்றாம் நிலைக்கு ஏறி, அலுவலகம் மூடிய ஒரு நாளில், வீட்டில் உட்கார்ந்து 40 சொச்சம் மேக்ரோக்களையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே "அழைக்கும் இடத்திலிருந்து இது என்ன எடுக்கிறது?" என்று ஒரே கேள்வியை எழுதினேன். எதையும் எடுக்காதவைதான் பாதிக்கு மேல், அவை இன்லைனாகவோ சாதாரண ஃபங்ஷனாகவோ ஆயின. எங்கள் சொந்த மேக்ஸ், மின் இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டுக் கெர்னலுடையதையே எடுத்தோம். ரெஜிஸ்டர் பிட் பிரிக்கும் மேக்ரோக்களுக்குப் பதில் ஃபீல்டு_கெட், ஃபீல்டு_ப்ரெப், அவை மேக்ரோதான், ஆனால் மாஸ்க் தப்பாக இருந்தால் கம்பைலே ஆகாது. இடத்தின் பெயரையோ மாறியின் டைப்பையோ உண்மையிலேயே எடுக்கிற ஐந்தாறு மட்டும் மேக்ரோவாக நின்றன, அவற்றையும் ஒரு வரிக்குச் சுருக்கி, ஒரு டைப்செக் வைத்து, வேலையை உள்ளே ஒரு ஃபங்ஷனிடம் கொடுத்துவிட்டோம்.

ஒரு மேக்ரோவுக்கு ஒரு பேட்ச். இயந்திர நிரல் மாறாத பேட்ச் தனி, மாறுவது தனி. ஃபைஃபோ மாதிரி இருமுறை மதிப்பிட்டது ஒருமுறையாகும் இடங்களில் டிரைவரின் நடத்தையே மாறுகிறது, அதை "சுத்தம் செய்தேன்" என்ற தலைப்பில் போடக்கூடாது, படிப்பவர் கவனிக்காமல் விட்டுவிடுவார். கெர்னலின் பேட்ச் சோதனை ஸ்கிரிப்டான செக்பேட்சை ஸ்ட்ரிக்ட் முறையில் ஓட்டினால், ஆர்கியுமென்டை இருமுறை பயன்படுத்தும் மேக்ரோக்களை அதுவே காட்டிக்கொடுக்கும், வேலையை எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு நல்ல ஆரம்பம்.

இத்தனைக்குப் பிறகும் பிடிபடாதது ஒன்று இருக்கிறது. ஒரு பட்டியலின் கடைசியில் புதியதைச் சேர்க்கும் லிஸ்ட்_ஆட்_டெயில் மாதிரி இரண்டு ஆர்கியுமென்டும் ஒரே டைப்பாக இருக்கும் ஃபங்ஷன்களில் புதியதையும் தலையையும் இடம் மாற்றிக் கொடுத்தால் கம்பைலர் வாய் திறக்காது, மேக்ரோவாக இருந்தாலும் அப்படித்தான், இன்லைனாக இருந்தாலும் அப்படித்தான். அதைத் தம்பி ஒவ்வொரு பேட்சிலும் கண்ணால்தான் பார்க்கிறான்.